கோடு குதித்த மதியம்

1962-இல் நாங்கள் இலஞ்சியில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி மறு வருஷம். என் வீட்டுக்காரர் பூமியின் காந்தத்தை அளக்கிற வேலையில் இருந்தார். இதைச் சொன்னால் எவரும் இன்னொரு தடவை கேட்பார்கள். வடகரையில் என்னைப் பெற்றவர்கள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "சர்க்கார் உத்தியோகம்" என்று மட்டும் சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வார்கள்.

ஊரைத் தாண்டி, வயலுக்கு அப்பால், குற்றால மலையைப் பார்த்தாற்போல ஒரு மேட்டில் அவர் வேலைபார்த்த கொட்டகை இருந்தது. கூரைச் சட்டங்களை மர முளை அடித்துப் பொருத்தியிருந்தார்கள். கதவுக்குப் பித்தளைக் கீல். சுற்றிலும் மூங்கில் வேலி. இரும்பு என்று ஒரு துரும்பும் உள்ளே போகக் கூடாது. என் வீட்டுக்காரர் சைக்கிளை ரோட்டோரத்துப் புளியமரத்தில் சாத்திவிட்டு வரப்பில் நடந்து போவார். காவல்காரர் குடையை வேலிக்கு வெளியே தொங்கவிட்டிருப்பார். உள்ளே இருட்டறையில் ஒரு சின்னக் காந்தம் நூலில் தொங்கும், அதில் ஒட்டிய கண்ணாடியிலிருந்து ஒளிப்புள்ளி ஒன்று போட்டோக் காகிதத்தில் விழும், காகிதம் ஒரு நாளைக்கு ஒரு சுற்று சுற்றும் என்று அவர் எனக்கு விளக்கியிருக்கிறார். மறுநாள் காலையில் காகிதத்தைக் கழுவினால் அதில் ஒரு கோடு இருக்கும். காலையில் மெல்ல ஏறி, மதியத்தில் ஒரு மேடு கட்டி, சாயங்காலம் இறங்கிவிடும். தினமும் அதே மேடுதான். அந்த மேட்டைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் தெற்கே வந்து கொட்டகை போட்டிருக்கிறார்கள் என்பார். அவர் கையில் எப்போதும் காகிதம் கழுவும் மருந்தின் நெடி இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

மதியச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோவேன். வேலிப் படலருகே காவல்காரரிடம் பித்தளைத் தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்த ஆனி மாதம் எனக்கு ஐந்தாம் மாசம். சிவகிரியிலிருந்து மாமியார் வந்து கூட இருந்தார்கள். மீன் குழம்பு வைத்த நாளில், போகிற வழியிலிருக்கும் சுடுகாட்டை நினைத்து அவர்களுக்கு மனசு ஒப்பாது.

"ஏட்டி, உச்சி நேரம், கையில கவுச்சிச் சோறு, வயித்துல பிள்ள. இத இடுப்புல வச்சுக்க" என்று ஒரு பழைய கதவாணியைச் சேலைக் கொசுவத்தில் செருகிவிட்டார்கள். விரல் நீளம் இருக்கும். கறுத்து, முனை மழுங்கிப்போனது.

இரும்பு ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆணியை இரும்பு என்று நான் நினைக்கவே இல்லை. விபூதி மாதிரி, வேப்பிலை மாதிரி அது ஒரு காவல். அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது.

அன்றைக்குச் சாரல் வலுத்துவிட்டது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, மழை கொஞ்சம் விட்டதும் நடந்தேன். போய்ச் சேர மணி இரண்டைத் தாண்டிவிட்டது. படலருகே போனதும் மறுபடி பிடித்துக்கொண்டது. காவல்காரர் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க தாயி, பிள்ளத்தாச்சி நனையக் கூடாது" என்று கொட்டகைச் சுவரோரம் இறவாரத்தின் அடியில் என்னை நிற்க வைத்தார். மழை விட்டதும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் யோசனையோடு வந்தார். நேற்று மதியம் இரண்டரை மணிக்குக் கோடு திடீரென்று ஒரு குதி குதித்திருக்கிறது, அப்படி அவர் பார்த்ததே இல்லை என்றார். பிறகு டீக்கடையில் பார்த்த பேப்பர் சேதியையும் சொன்னார். அமெரிக்காக்காரர்கள் பசிபிக் கடலில் ஒரு தீவுக்கு மேலே, மேகத்துக்கெல்லாம் மேலே அணுகுண்டை வெடித்தார்களாம். அங்கே அப்போது ராத்திரியாம், வானம் பகல் மாதிரி வெளுத்துப் பிறகு சிவந்துபோனதாம். நான் அம்மியில் அரைத்துக்கொண்டே கேட்டேன். இரண்டையும் தனித்தனிச் சேதியாகத்தான் கேட்டேன்.

குற்றாலத்தில் சீசன் என்றால் மேலதிகாரிகளுக்கு எங்கள் பக்கம் ஆய்வுக்கு வர வேண்டிய வேலை வந்துவிடும். அந்த வாரமும் ஒருவர் காரில் வந்தார். காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டுக் குடும்பத்தோடு வந்து இறங்கினார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவர் அந்த ஒன்றில் நின்றுவிட்டாராம். அந்த நேரத்தில் இங்கே யார் வந்தது என்று கேட்டாராம். காவல்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். என்னை அழைத்துவரச் சொன்னார்கள். சுடுகாட்டு வழி என்று மாமியார் அன்றைக்கும் ஆணியைச் செருகித்தான் அனுப்பினார்கள்.

நான் போனபோது அதிகாரி ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி காரின் பின் ஆசனத்தில் ஈரத் தலையை ஆற்றிக்கொண்டிருந்தார். டிரைவர் காரில் சாய்ந்து நின்றார். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று அதுவரை நான் பார்த்ததில்லை.

"அன்னிக்கு என்னெல்லாம் போட்டுண்டிருந்தியோ அதெல்லாம் இப்பவும் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"இருக்கு."

"இரும்புச் சாமான் எதுவா இருந்தாலும் எடுத்து இந்தத் தட்டுல வைம்மா. கொண்டை ஊசி, ஊக்கு, எல்லாம்."

எனாமல் தட்டை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து நீட்டச் சொன்னார். நான் கொண்டை ஊசிகளை எடுத்து வைத்தேன். முடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. "வேற?" என்றார். தாலிக்கொடியில் மூன்று ஊக்குகள் கோத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். அத்தனை ஆண்களுக்கு நடுவே நான் திரும்பி நின்று, ரவிக்கைக்குள்ளிருந்து கொடியை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்று கை தவறி மண்ணில் விழுந்துவிட்டது. காவல்காரர் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் குனிந்து அதை எடுத்துத் தட்டில் போட்டார்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. கொசுவத்தில் கைவிட்டு ஆணியை எடுத்து வைத்தேன். தட்டில் அது ணங்கென்று விழுந்தது.

டிரைவர்தான் முதலில் சிரித்தார். அதிகாரி ஆணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கும்மா?"

"காத்துக் கருப்பு அண்டாம இருக்க. அத்தை குடுத்தாக."

காரிலிருந்த அம்மாவும் இப்போது சிரித்தார். அதிகாரி என் வீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினார். அதில் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. மூடநம்பிக்கை என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் "எஸ் சார், எஸ் சார்" என்றார். அதிகாரி அந்தக் காகிதத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "பணியாளரின் மனைவி கொண்டுவந்த இரும்பால் ஏற்பட்ட கோளாறு" என்று அதற்கு அர்த்தம். ஆணியைச் சாட்சிக்கு உறையில் போட்டுக் கொண்டுபோனார்.

டிரைவர் போகிற வழியில் இலஞ்சி டீக்கடையில் இறங்கி டீ குடித்திருக்கிறார். அது போதுமானதாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் எனக்கு "ஆணிக்காரி" என்று பெயர் வந்துவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனால் யாராவது ஒருத்தி, "ஏட்டி, தள்ளிப் போ, என் வாளி உன்கிட்ட ஒட்டிக்கிடப் போவுது" என்பாள். கேலிதான். கேலி செய்தவர்களில் பலர் நல்லவர்கள், பிள்ளை பெற்றுத் திரும்பிய எனக்குப் பத்தியக் கஷாயம் வைத்துக் கொடுத்தவர்கள். இருந்தாலும் அதற்குப் பிறகு கிணற்றடிக்கு ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் போனேன்.

அதிகாரி வந்துபோன பிறகு மாமியார் நாலு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு துணியை மடித்து வைத்தார்கள்.

"எம் பிள்ள தலைகுனிஞ்சு நிக்கும்படியா பண்ணிப்போட்டேன். நான் இங்கன இருந்தா இன்னும் எதாவது செஞ்சுதான் வைப்பேன். மூத்தவன் வீட்டுக்குப் போறேன்" என்றார்கள்.

"நீங்க என்னத்த செஞ்சீய அத்தை? நல்லதுக்குத்தான செஞ்சீய" என்று நான் அழுதேன். என் வீட்டுக்காரர் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். கார்த்திகையில் எனக்கு வடகரையில் பெண் பிறந்தபோது மாமியார் வந்து குழந்தையைத் தூரத்தில் இருந்தே பார்த்தார்கள். தூக்கச் சொல்லி நீட்டினால், "வேண்டாம் தாயி, என் கைராசி உனக்குத் தெரியுமே" என்றார்கள். மாசியில் காய்ச்சலாகப் படுத்தவர்கள் எழவில்லை.

மறு வருஷம் சீசனில், கடலோரத்தில் எங்கள் கொட்டகையைப் போலவே இருந்த இன்னொரு கொட்டகையில் வேலைபார்த்தவர் ஒருவர் அருவிக்குக் குளிக்க வந்தார். என் வீட்டுக்காரரோடு பயிற்சி எடுத்தவர். மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். பேச்சு வேலையைப் பற்றித் திரும்பியது.

"போன வருஷம் அமெரிக்காக்காரன் ஆகாசத்துல குண்டு வெடிச்சானே, அன்னைக்கு உங்க கோடும் குதிச்சிருக்குமே?" என்று அவர் கேட்டார். "எங்கிட்ட சரியா ரெண்டரைக்குக் குதிச்சுது. எல்லா ஊர்லயும் அதே நிமிஷமாம். உலகம் பூரா. வெடிச்ச வெடியில பூமியோட காந்தமே ஒரு ஆட்டம் ஆடியிருக்கு. யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி, எங்கயோ வெடிக்கான், இங்கன தென்காசியில நூலு ஆடுது."

என் கையில் ரசக் கிண்ணம் இருந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. நான் இல்லை, குண்டு. என் இடுப்பில் இருந்த ஆணி இல்லை, அணுகுண்டு. அதை வெடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்றுகூட அந்த நொடியில் நினைத்தேன். ஜப்பானில் குண்டு விழுந்த ஊரில், உடுத்திய துணியின் கோலம் அப்படியே முதுகில் வெந்து பதிந்துபோன ஒரு பெண்ணின் படத்தைப் பத்திரிகையில் பார்த்து ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தவள் நான். மறுநாள் அந்தப் படம் நினைவுக்கு வந்தபோது என் சந்தோஷத்தை நினைத்து எனக்கே கூசியது.

அடுத்து வந்தது மாமியாரின் நினைப்பு. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் திடுக்கிட்டு நிமிர்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆமா, இங்கயும் குதிச்சுது" என்றார், இலையைப் பார்த்தபடி. இந்தச் சேதி அவருக்குப் புதிது இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

விருந்தாளி போனதும் கேட்டேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பேப்பர்ல பாத்த அன்னைக்கே சந்தேகம். நேரம் ஒத்துப்போச்சு."

"ஆபீசர் வாரதுக்கு முன்னாலயேவா?"

"சந்தேகந்தான். அவர் போன பொறவு நானே ஒரு ஆணியக் கொண்டுபோய் நீ நின்ன இடத்துல சொருகிப் பாத்தேன். கோடு லேசா நகந்துது. அந்தக் குதி வரல."

"அப்ப தட்டப் பிடிச்சுக்கிட்டு ஏன் பேசாம நின்னீய?"

"எப்படிச் சொல்ல? உலகத்து அந்தப் பக்கம் வெடிச்ச குண்டுன்னு நான் சொன்னா, பொண்டாட்டியத் தப்பிக்க வைக்கக் கத கட்டுதான்னு சொல்லுவாரு. அவர் எவ்வளவு படிச்சவரு."

"அத்தைகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அவுக சாகும்போதும் அதச் சொல்லித்தான செத்தாக."

"அம்மாகிட்டச் சொன்னா ஊரெல்லாம் சொல்லியிருப்பா" என்றார். "ஆபீசர் காதுக்குப் போயிருக்கும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஊக்கைக் கழற்றியபோது பட்ட அவமானம் என் உடம்போடு போனது. இது வேறு. நான் நல்லவர் என்று நம்பி, மருந்து நெடி அடிக்கிற அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிய மனுஷர் இவர். அவருக்காக நான் வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை யாரிடமும் சொல்லவும் முடியாது, அவரிடம் காட்டவும் முடியாது.

அந்த அதிகாரி அப்போது குற்றாலத்தில்தான் இருந்தார். சர்க்கார் பங்களாவில் தங்கியிருப்பதாக விருந்தாளி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில், "வாங்க, நாம போய்ச் சொல்லிட்டு வருவோம். அந்தச் சிவப்பு மையை அடிச்சுவிடச் சொல்லுவோம்" என்றேன். அவர் வரவில்லை. நீயும் போகாதே என்றார். அவர் வேலைக்குப் போனதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன்.

என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும், கிணற்றடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகாரி அப்போதுதான் குளித்துவிட்டு, தோளில் துண்டோடு வராந்தாவில் உட்கார்ந்து மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தார். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரரின் வேலையைச் சொன்னேன். "ஓ, இலஞ்சி" என்றார்.

"போன சீசன்ல எங்கிட்ட ஒரு ஆணிய வாங்கிட்டுப் போனீங்க."

"ஆணியா? என்ன ஆணி?"

அவர் உண்மையாகவே யோசித்தார். நடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் முதலிலிருந்து சொன்னேன். கோடு குதித்ததைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, அதுவா! அது நியூக்ளியர் வெடியும்மா. எல்லா ஸ்டேஷன்லயும் வந்தது. நாங்க அப்பவே கணக்கைத் திருத்திட்டோமே. கடைசி அட்டவணையில உங்க ஸ்டேஷன் ரொம்பச் சரியாவே இருக்கு."

"அப்பவேன்னா?"

"போன வருஷமே. ஒரு மாசத்துக்குள்ள."

மாமியார் அப்போது உயிரோடு இருந்தார்கள். மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்று மட்டும் சொன்னேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார். அதட்டலே இல்லை, கனிவாகத்தான் சொன்னார். "ஒண்ணும் கவலைப்படாதே. உன் வீட்டுக்காரர் நல்ல வேலைக்காரர்." குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். கூடையிலிருந்து இரண்டு மங்குஸ்தான் எடுத்து என் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த நன்றி என் வாயிலேயே இருந்தது. யார் கேட்டார்கள் அந்த நன்றியை? ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த சொல்லெல்லாம் கடைசியில் அப்படித்தானா வெளியே வர வேண்டும்? குழந்தை பழத்தைக் கேட்டு அழுதது. கொடுக்கவும் மனசில்லை, எறியவும் மனசில்லை. பிறகு உரித்துக் கொடுத்தேன். என் முந்தானையெல்லாம் கறை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுமுன்பே கேட்டார்.

"போனியா?"

"போனேன்."

"எம்மேல கோவமா இருந்தாரா?"

அவரைச் சாப்பிட உட்காரச் சொன்னேன்.

கொட்டகையை அறுபத்தேழில் மூடினார்கள். வேறு ஊருக்கு மாற்றலானதும் கூட வேலைபார்த்தவர்களையும் அக்கம்பக்கத்து ஆட்களையும் கூப்பிட்டு வீட்டில் சின்னதாக ஒரு விருந்து வைத்தோம். யாரோ எதையோ கேட்க, என் வீட்டுக்காரர் அந்தக் கதையை எடுத்தார். அவர் அதை நன்றாகவே சொன்னார். ஆணி தட்டில் விழுந்த சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். "அணுகுண்டும் எம் பொண்டாட்டியும் ஒரே மதிப்புன்னு சர்க்கார் ரெக்கார்டுலயே இருக்கு" என்றார். கூடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காவல்காரர் மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வார்த்தை இல்லை.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். கேசரி தீர்ந்துபோயிருந்தது. தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.